சிறகும் நாளமும்

பொறியாளர் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் அணைக்கட்டும் பாலமும் ஆலையும் வந்து நிற்கின்றன. மருத்துவர் என்றாலோ, நாடி பார்ப்பதும் மருந்து தருவதும் நினைவிற்கு வருகின்றன. இவ்விரு தொழில்களுக்கும் இடையே ஒரு நெடுஞ்சுவர் இருப்பதாக எண்ணியே நாம் பழகிவிட்டோம். ஆனால், நம் உடலில் ஓடும் இரத்தத்திற்கு அந்தச் சுவரைப் பற்றிய கவலை சிறிதும் இல்லை. மார்புக் கூட்டினுள்ளே ஓர் இறைப்பொறி இருக்கிறது. அதற்கு நான்கு வால்வுகள் உண்டு. ஒரு துடிப்பிற்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர், ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்று அது இரத்தத்தை இறைக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டருக்கு மேல் ஆகும். ஏற்றம் இறைத்துப் பழகியவர்களுக்கு இக்கணக்கின் அருமை நன்கு விளங்கும். அவர்கள் மாலையானால் ஏற்றத்தை நிறுத்திவிட்டு வீட்டிற்குச் செல்லலாம்; இதயத்திற்கு அந்த உரிமை இல்லை.

இறைப்பொறியும் குழாயும் வால்வும் அழுத்தமும் பொறியாளருக்கு உரிய பொருள்கள் அல்லவா? ஆகவே, இதய நோயை ஆராயப் பொறியாளர் ஒருவர் புகுந்தால் அதில் வியப்பதற்கு ஏதும் இல்லை. எனினும், அவ்வாறு புகுந்த ஒருவருடைய வாழ்வைப் படித்தபொழுது நான் மிகவும் வியந்தேன். பல்லாண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். அழுத்தம், விசை, மீள்சக்தி ஆகியவற்றை இரும்புக் கம்பியையும் நீர்த்தொட்டியையும் கொண்டே விளக்கி வந்தேன். அதே பாடங்களைக் கொண்டு ஒருவர் உயிருள்ள நாளங்களின் இயல்பை ஆராய்ந்தார் என்று அறிந்தபோது, என் பாடப் புத்தகமே எனக்குப் புதியதாகத் தோன்றியது. அவர் பெயர் யுவான்-செங் ஃபங்.

அவருக்கு முன்னோடிகள் பலர் இருந்தனர். ஆங்கில மருத்துவராகிய வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் இரத்தச் சுழற்சியை மெய்ப்பித்தபோது அவருக்குத் துணை நின்றது ஓர் எளிய கணக்கே. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கினால், அரைமணி நேரத்தில் உடலில் உள்ள இரத்தம் முழுவதையும் விட மிகுதியாகிறது; எனவே, அதே இரத்தந்தான் திரும்பத் திரும்ப வருதல் வேண்டும் என்று அவர் முடிவு கண்டார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்றதைக் கண்டு 1733-இல் எழுதினார். மீள்சக்திக் கெழுவிற்குப் பெயர் தந்த தாமஸ் யங் ஒரு மருத்துவர். மெல்லிய குழாய்களில் நீர் பாயும் விதியைக் கண்ட பிரெஞ்சுக்காரர் பாய்சொய்யும் மருத்துவம் பயின்றவரே. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்த வேறுபாட்டில் அதன் வழியே பாயும் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவர் விதியின் பயன். இதயத் தசைக்கு உணவளிக்கும் நாளங்கள் ஒடுங்குவதை மருத்துவர்கள் ஏன் அவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது இந்த ஒரு விதியாலேயே ஓரளவு புலனாகும்.

பின்னாளில் கல்வித் துறைகள் பெருகின. பௌதிகம் பயின்றவர் உடலியல் நூலைத் தொடுவதும், உடலியல் பயின்றவர் கணித நூலைத் திறப்பதும் அருகின. ஃபங் வளர்ந்தது அத்தகைய காலத்திலேதான்.

அவர் 1919-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சீன நாட்டின் சாங்ஜோ நகரில் பிறந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 1937-ஆம் ஆண்டிலேயே சீனாவிற்கும் ஜப்பானுக்கும் பெரும்போர் மூண்டது. நான்கிங்கில் இருந்த அப்பல்கலைக்கழகம் நாட்டின் உட்பகுதியில் உள்ள சோங்சிங் நகருக்கு இடம் பெயர்ந்தது. போரின் நடுவிலேயே அவர் விமானப் பொறியியல் பயின்று 1941-இல் இளநிலைப் பட்டமும் 1943-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். போர் ஓய்ந்தபின் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, 1948-இல் டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார்.

அவர் ஆராய்ந்த பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். விமானத்தின் சிறகு கல்லைப் போல் அசையாது நிற்பதன்று. காற்றின் விசையால் அது வளைகிறது. சிறகு வளைந்தால் அதன்மேல் பாயும் காற்றின் போக்கு மாறுகிறது. காற்றின் போக்கு மாறினால் விசை மாறுகிறது. விசை மாறவே சிறகு மீண்டும் வேறு விதமாக வளைகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறகு படபடவென்று அதிர்ந்து முறிந்துவிடக் கூடும். 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவில் டகோமா நீரிணையின்மீது கட்டியிருந்த புதிய தொங்குபாலம், மணிக்கு 64 கிலோமீட்டர் அளவில் வீசிய காற்றிலே முறுகி முறுகி ஆடி அறுந்து வீழ்ந்ததும் இவ்வகை அதிர்வினால்தான். புயலுக்கும் அஞ்சாத பாலம் என்று கட்டியவர்கள் நம்பியிருப்பார்கள். நடுத்தரமான காற்றே அதனை வீழ்த்திற்று. இத்துறையைப் பற்றி ஃபங் 1955-இல் எழுதிய நூல் விமானப் பொறியாளர் பலருக்குப் பாடநூலாயிற்று. பேரும் பதவியும் அவரைத் தேடி வந்தன. வாழ்நாள் முழுவதும் அத்துறையிலேயே இருந்திருந்தாலும் அவரைக் குறை கூறுவார் இல்லை.

1957-ஆம் ஆண்டளவில் அவர் விடுப்புப் பெற்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று தங்கினார். காற்றியலின் தாய்வீடு என்று சொல்லத்தக்க நகரம் அது. அந்நாளில் சீனாவில் இருந்த அவருடைய அன்னைக்குக் கண்ணில் அழுத்தம் மிகும் நோய் வந்தது. கண்ணினுள்ளே ஊறும் நீர் வடியும் வழி தடைப்பட்டால், உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெட்டுவிடும். உடனே கவனியாவிடின் பார்வை போய்விடும். மகனோ கடல் கடந்து இருக்கிறார். அவரால் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. கோட்டிங்கனில் கிடைத்த மருத்துவ இதழ்களில் அந்நோயைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்தார். அவற்றைச் சீன மொழியில் பெயர்த்து, அன்னைக்குச் சிகிச்சை செய்த மருத்துவருக்குச் சேருமாறு அனுப்பினார்.

அக்கட்டுரைகளைப் படித்தபொழுது பொறியாளரின் கண் விழித்துக்கொண்டது. நீர் ஊறுகிறது, மெல்லிய வழிகளில் வடிகிறது, அழுத்தம் ஏறுகிறது, உறையின் சுவர் தாங்குகிறது. இவை அனைத்தும் அவருக்கு நன்கு அறிமுகமானவை. ஆனால், சுவரின் வலிமை என்ன, வழியின் தடை என்ன என்று எண்களைத் தேடினால், வேண்டியவை கிடைப்பது அரிதாக இருந்தது.

இக்கதையைக் கூறுவோர், தாயன்பு ஒரே நாளில் அவரை வேறொரு மனிதராக்கிவிட்டது போலக் கூறுவதுண்டு. அது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆயின், உண்மை அதனினும் மதிக்கத்தக்கது என்பது என் கருத்து. கோட்டிங்கனிலிருந்து திரும்பிய பின்னும் அவர் தம் பழைய பாடங்களைக் கைவிடவில்லை. 1965-இல் திண்பொருள்களின் விசையியலைப் பற்றி மற்றொரு பெருநூல் வெளியிட்டார். அதே ஆண்டுகளில், தாம் பேராசிரியராக இருந்துகொண்டே, உடலியலை மாணவரைப் போல அடிப்படையிலிருந்து கற்றார். ஐம்பதை நெருங்கும் வயதில், 1966-இல்தான், தமக்கிருந்த நிலையான பதவியை விட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற்குச் சென்றார். நுண்குழாய்களில் இரத்தம் ஓடுவதை ஆராய்ந்து புகழ் பெற்றிருந்த பெஞ்சமின் ஸ்வைபாக், இளம் பொறியாளராகிய மார்க்கோஸ் இன்டாக்லியெட்டா ஆகிய இருவரும் உடன் சேர்ந்தனர். உயிரியற் பொறியியல் என்னும் துறை அங்கே உருப்பெற்றது. தாய்க்காக மொழிபெயர்த்த நாள் முதல் தொழிலை மாற்றிக்கொண்ட நாள் வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுப் பொறுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

காற்றும் சிறகும் ஒன்றை ஒன்று மாற்றுவதைக் கணக்கிட்டவருக்கு, இரத்தமும் நாளமும் ஒன்றை ஒன்று மாற்றுவது புதிய செய்தி அன்று. ஆனால், சிறகு எப்பொருளால் ஆனது, அது எவ்வளவு நீளும் என்பதை ஆலையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாளத்தின் சுவர் எத்தகையது என்று எவரைக் கேட்பது? அதனை அவரே அளக்கத் தொடங்கினார்.

மாணவர்கள் தம் காதுமடலைச் சற்றே இழுத்துப் பார்க்கட்டும். (எங்கள் காலத்தில் இச்சோதனையை ஆசிரியர்களே அடிக்கடி செய்து வந்தார்கள்.) முதலில் அது எளிதாக நீளும், மேலும் இழுத்தால் விரைவில் இறுகித் தடுக்கும். இரும்புக் கம்பி அப்படி இல்லை. ஹூக் விதிப்படி, எல்லைக்குள் இருக்கும் வரை, விசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும். ஃபங் முயலின் குடலைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வைச் சிறிது சிறிதாக இழுத்து அளந்தார். அதன் விறைப்பு ஒரே அளவாக நிற்கவில்லை. அதில் ஏற்றிய இழுவிசை மிக மிக, விறைப்பும் அதற்கேற்ற விகிதத்தில் மிகுந்துகொண்டே சென்றது. 1967-இல் அவர் வெளியிட்ட இக்கணக்கு தோல், தசைநார், இரத்தக் குழாய் எனப் பல மெல்லிய உறுப்புகளுக்கும் பெரும்பாலும் பொருந்தியது. உயிருள்ள பொருளுக்கும் எழுதத்தக்க விதி உண்டு என்பது அதனால் உறுதிப்பட்டது.

அடுத்து அவர் நுரையீரலை நோக்கினார். இதயம் இறைக்கும் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியே சென்று வருகிறது. அங்கே காற்றறைகளின் சுவர்களில் உள்ள நுண்குழாய்களைப் பலரும் மெல்லிய குழாய்களின் வலையாக எண்ணி வந்தனர். மருத்துவர் சிட்னி சோபினுடன் சேர்ந்து ஃபங் உற்று நோக்கியபோது வேறொரு காட்சி தோன்றியது. குழாய் என்று சொல்வதற்கு அவற்றின் நீளம் போதவில்லை. மேலே ஒரு மெல்லிய தளம், கீழே ஒரு மெல்லிய தளம், இரண்டையும் பிணைத்து நெருங்க நிற்கும் குட்டையான தூண்கள், இவற்றின் இடையே பரவி ஓடும் இரத்தம். நம் கோயில்களில் உள்ள ஆயிரங்கால் மண்டபத்தினுள் வெள்ளம் புகுந்தால், அது தூண்களைச் சுற்றிச் சுற்றி எவ்வாறு பரவுமோ அவ்வாறே அங்கே இரத்தம் பரவுகிறது. கல் மண்டபத்தின் கூரை உயராது. இம்மண்டபத்தின் கூரையோ இரத்த அழுத்தம் ஏறினால் சற்றே உயர்ந்து இடம் தருகிறது. பாயும் அளவு அந்த உயரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1969-இல் அவர்கள் காட்டினார்கள். பாய்சொய்யின் விதியில் கண்ட அதே நான்காம் அடுக்கு இங்கும் வருவதைக் காண்க. நாம் ஓடும்பொழுது இதயம் இறைக்கும் இரத்தம் பலமடங்கு பெருகினாலும், நுரையீரல் பேரழுத்தம் இன்றி அதனை ஏற்றுக்கொள்வதற்கு இவ்விரிவும் ஒரு காரணம் ஆகும்.

அவர் கண்டவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது தமனியின் சுவரைப் பற்றியது. தமனியிலிருந்து ஒரு மெல்லிய வளையத்தை வெட்டி எடுத்து நீரில் இடுவோம். உள்ளே இரத்தம் இல்லை, அழுத்தமும் இல்லை. ஆகவே, அது யாதொரு விசையும் இன்றி ஓய்ந்திருக்கிறது என்றுதான் எவரும் கூறுவர். அவ்வளையத்தை ஓரிடத்தில் கத்தரியால் நறுக்கினால், அது வில்லைப்போலச் சடக்கென விரிந்துகொள்கிறது! மூடிய வளையமாக இருந்தவரை அதன் உட்புறம் நெருக்குண்டும், வெளிப்புறம் இழுபட்டும் இருந்தன என்பதே இதன் பொருள்.

கட்டை வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். கொல்லர் இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே மரச் சக்கரத்தின்மேல் மாட்டி, நீரை ஊற்றுவார். குளிர்ந்த பட்டை சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியே இரும்பு இழுபட்டிருக்கும். உள்ளே மரம் நெருக்குண்டிருக்கும். பாரம் ஏற்றாமல் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்த சக்கரத்திலும் இவ்விசைகள் இருந்துகொண்டே இருக்கும். தமனிக்கும் அத்தகைய முன்னேற்பாடு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளிருந்து தள்ளும்போது உட்சுவரே மிகுதியாக இழுபடும் என்று பழைய கணக்குகள் கூறின. முன்பே நெருக்குண்டிருந்த உட்சுவர் இப்பொழுது இழுபடுவதால், சுவர் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவான பாரத்தைத் தாங்குகிறது. 1983-இல் ஃபங்கும், அவரைச் சாராது வேறு சிலரும் இதனை வெளியிட்டனர். அதற்குமுன் தமனியை அறுத்தவர் பல்லாயிரவர். விரிவதைக் கண்டவர்களும் இருந்திருப்பர். ஏன் விரிகிறது என்று கேட்டுக் கணக்கிட்டவர் மிகச் சிலரே.

அவ்வாறாயின் மற்றொரு வினா எழுகிறது. இரத்த அழுத்தம் நெடுநாள் மிகுந்தே இருந்தால் அந்த முன்னேற்பாடு என்ன ஆகும்? ஃபங்கும் அவருடன் ஆராய்ந்தவரும் எலிகளின் பெருந்தமனியைச் சிறிது இறுக்கி அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள். சில நாள்களிலேயே சுவர் தடித்தது. வளையம் விரியும் கோணமும் மாறியது. 1989-இல் வெளியான இவ்வாய்வு, நாளம் தன்மீது வரும் விசைக்கேற்பத் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதற்குச் சான்றாயிற்று. இரும்புக் குழாய் அழுத்தத்தைத் தாங்கும், அல்லது வெடிக்கும், வளராது. அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியாகக் காலிலிருந்து எடுத்த சிரையை மருத்துவர் ஒட்டும்பொழுதும் இதுவே நிகழ்கிறது. குறைந்த அழுத்தத்தில் வாழ்ந்த சிரை, தமனியின் பேரழுத்தத்தைச் சந்தித்துத் தடிக்கத் தொடங்குகிறது. ஓரளவு தடிப்பது நன்மை. அளவு கடந்து தடித்தால் புதுவழியும் ஒடுங்கிவிடும்.

இனி, தமனிகளில் கொழுப்புத் திட்டுகள் தோன்றுவதைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகில் மிகுதியான மக்களின் உயிரைக் கவர்வது இதயநாள நோயே. அதற்கு அடிப்படையான திட்டுகள் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகத் தோன்றுவதில்லை. நாளங்கள் வளையும் இடங்களிலும் கிளை பிரியும் இடங்களிலும் மிகுதியாகத் தோன்றுகின்றன. இரத்தம் ஒன்றே, அதில் உள்ள கொழுப்பும் ஒன்றே; இடத்திற்கு இடம் மாறுவது அது ஓடும் முறைதான். டொனால்டு ஃப்ரை என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர், இரத்தம் சுவரை மிகுதியாக உராய்ந்தால் உட்படலம் புண்படும் என்று 1968-இல் காட்டினார். மறு ஆண்டிலேயே இலண்டனில் காலின் காரோவும் துணைவரும் இதற்கு எதிரான கருத்தை வெளியிட்டனர்: உராய்வு குறைந்த இடங்களிலேயே திட்டுகள் தோன்றுகின்றன என்பது அவர்கள் கண்டது. இருவரும் அளந்தவர்களே. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் காரோவின் பக்கமே நின்றன.

ஆற்றின் வளைவில் உட்கரையோரமாக நீர் மெதுவாக ஓடுவதும் அங்கே மணல் சேர்வதும் நாம் கண்டவை. தமனியின் வளைவிலும் உட்புறத்தில்தான் உராய்வு குறைவு. ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்லுதல் கூடாது. கொழுப்பு வண்டலைப்போலப் படிவதன்று. உட்படலத்தின் உயிரணுக்கள் உராய்வை உணர்ந்து தம் செயலை மாற்றிக்கொள்கின்றன. சீரான ஓட்டத்தில் அவை ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. ஓட்டம் குலைந்த இடங்களில் அவ்வொழுங்கு கெடுகிறது. கொழுப்பும் வெள்ளணுக்களும் உள்ளே புக இடம் ஏற்படுகிறது. 1988-இல் சான் டியாகோவிற்கு வந்த மருத்துவ அறிஞர் ஷு சியென் இவ்வணுக்களை ஓட்டத்தில் வைத்து ஆராய்ந்து, உராய்வின் தன்மைக்கேற்ப அவற்றின் மரபணுக்களின் செயலே மாறுவதைக் காட்டினார்.

ஃபங்கிற்குப் பல சிறப்புகள் வந்தன. 2000-ஆம் ஆண்டிற்கான அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 2007-இல் ரஸ் பரிசும் கிடைத்தது. இவற்றைவிட, முதுமையை எட்டிய பிறகும் அவர் மேற்கொண்ட ஒரு பணியே எனக்குச் சுவையாக இருக்கிறது. இதயத் தமனிகளில் இரத்தம் ஓடுவதைக் கணக்கிட வேண்டுமானால், அவற்றின் கிளைகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று தெரிதல் வேண்டும். மனித இதயத்தை ஒத்த பன்றியின் இதயத்தை எடுத்து, நாளங்களில் சிலிக்கோன் பாகை நிரப்பி இறுகவிட்டு, தசையைக் கரைத்து நீக்கினார்கள். வேரோடு பிடுங்கிய செடி போன்ற ஓர் அச்சு கிடைத்தது. அதன் கிளைகளையும் கிளையின் கிளைகளையும் ஃபங்கின் மாணவரும் துணைவர்களும் பொறுமையாக அளந்து, நுண்குழாய் முதல் பெருங்கிளை வரை 11 படிகளாக வகுத்து, 1993-இல் வெளியிட்டனர். எழுபது வயதைக் கடந்த ஆசிரியர், ஒரு பன்றியின் இதயத்தில் உள்ள கிளைகளை எண்ணும் பணிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்!

அவர் நூறாண்டு நிறைவுற்ற பின், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் காலமானார். இன்று, மார்பு வலியோடு வரும் சிலருக்கு ஊடுகதிர் அடுக்குப் படம் எடுத்து, அதிலிருந்து இதயத் தமனிகளின் உருவத்தைக் கணிப்பொறியில் அமைத்து, ஒடுங்கிய இடத்தைக் கடக்கும்போது இரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். குறைவு சிறிதாயின், நாளத்தினுள் கம்பியைச் செலுத்திப் பார்க்கும் சோதனையும் அதனோடு வரும் அச்சமும் அந்நோயாளிக்கு வேண்டாதவை ஆகின்றன. கணிப்பொறியில் அக்கணக்கைச் செய்வோர் கையாளும் சமன்பாடுகள், சிறகின்மேல் பாயும் காற்றிற்கு விமானப் பொறியாளர்கள் எழுதிய அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.